சேவல் அழகுதான், குஞ்சு எங்கே?

கண்காட்சியில் முதல் பரிசு வாங்கிய சேவல் அது. உடம்பெல்லாம் பொன் நிறம். ஒவ்வொரு இறகின் ஓரத்திலும் மை தீட்டியது போலக் கருப்புக் கரை. உள்ளங்கையில் தூக்கி வைத்துக்கொள்ளலாம்; அவ்வளவு சிறியது. ஆனால் மார்பை நிமிர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து அது நிற்கிற நிற்பைப் பார்த்தால், ஏதோ ஒரு நாட்டை ஆளுகிற ராஜா என்றுதான் நினைக்கத் தோன்றும்.

அந்த ராஜாவுக்கு வாரிசு இல்லை!

அதனுடன் சேர்த்து வளர்த்த பெட்டைகள் முட்டை இட்டன. முட்டைகளை அடை வைத்தார்கள். 21 நாள் காத்திருந்தார்கள். ஒரு குஞ்சுகூட வெளியே வரவில்லை. அத்தனையும் கூமுட்டை!

"பாண்டம்" என்ற குள்ளக் கோழிகளை ஆசைக்காக வளர்ப்பவர்கள், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும், தலைமுறை தலைமுறையாகப் பட்டு வருகிற பாடு இது. சேவல் கூவுகிறது. பெட்டையைச் சுற்றி வந்து இறக்கையைத் தாழ்த்தி ஆடுகிறது. ஆனால் முட்டை மட்டும் பொரிப்பதில்லை.

ஏன்?

"இயற்கையின் கோளாறு" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். அப்படிச் சொல்வது நியாயம் அல்ல என்பது நம் கருத்து. இது பெரும்பாலும் மனிதன் செய்த கோளாறு. கண்ணுக்கு அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, ஜோடி சேர்த்துச் சேர்த்து, அவன் தேடிக்கொண்ட வினை!

பழி யாருக்கு?

முட்டை பொரிக்காவிட்டால் முதல் பழி யார்மேல் விழுகிறது? பெட்டையின் மேல்! "இந்தப் பெட்டை ராசி இல்லாதது" என்று அதைத் தள்ளிவிடுவார்கள். பரிசு வாங்கிய சேவலைச் சந்தேகிக்க யாருக்கும் மனம் வராது. மனிதர் வீட்டிலும் இந்த வழக்கம் உண்டு என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டியது இல்லை.

பெட்டை முட்டை இடுவதற்குச் சேவல் தேவையே இல்லை. சேவல் முகத்தையே பார்க்காத பெட்டையும் முட்டை இடும். அந்த முட்டையில் உயிர் இருக்காது, அவ்வளவுதான். ஆகவே, பெட்டை ஒழுங்காக முட்டை இட்டு, அவ்வளவும் உயிர் இல்லாத முட்டையாகப் போனால், முதலில் சோதிக்கவேண்டியது சேவலை!

குள்ளச் சேவல்களில் இது மிகவும் அவசியம். அதற்குக் காரணம் அவற்றின் சரித்திரத்தில் இருக்கிறது.

பெயர் வந்த கதை

"பாண்டம்" என்பது ஓர் ஊரின் பெயர். ஜாவாத் தீவின் மேற்குக் கோடியில் இருந்த பழைய துறைமுகம் அது. இன்று பான்டென் என்கிறார்கள். மிளகு வாங்க வந்த ஐரோப்பியக் கப்பல்காரர்கள் அங்கே சின்னஞ்சிறு கோழிகளைக் கண்டார்கள். கப்பலில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பிறகு, எந்த ஊர்க் கோழியாக இருந்தாலும், குள்ளமாக இருந்தால் "பாண்டம்" என்றே சொல்லத் தொடங்கிவிட்டார்கள்.

இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டில் சேவல் சண்டைக்குத் தடைச் சட்டம் வந்தது. கோழி வளர்ப்பவர்களின் ஆசை வேறு பக்கம் திரும்பியது. 1845-இல் லண்டன் விலங்குக் காட்சித் தோட்டத்தில் பெரிய கோழிக் கண்காட்சி ஒன்று நடந்தது. அதன் பிறகு ஊருக்கு ஊர் கண்காட்சி! "உன் சேவல் என் சேவலை அடிக்குமா?" என்று கேட்டவர்கள், "உன் சேவல் என் சேவலைவிட அழகா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அழகுக்கு விதிகளும் வந்தன. 1865-இல் இங்கிலாந்திலும், 1874-இல் அமெரிக்காவிலும் விதிப் புத்தகங்கள் அச்சாயின. கொண்டை இப்படி இருக்கவேண்டும். வால் இப்படி இருக்கவேண்டும். எடை இவ்வளவுதான் இருக்கவேண்டும் என்று வரி வரியாக எழுதினார்கள்.

ஒன்றை மட்டும் விட்டுவிட்டார்கள். சேவலுக்குக் குஞ்சு பிறக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை!

சீபிரைட் பிரபுவின் கோழி

பொன் இறகும் கருப்புக் கரையும் கொண்ட சேவலைப் பற்றி முதலில் சொன்னோம் அல்லவா? அதன் பெயர் "சீபிரைட்". அதை உருவாக்கியவர் சர் ஜான் சீபிரைட் என்ற ஆங்கிலேயர். 1767-இல் பிறந்து 1846-இல் இறந்தவர். பெரிய நிலச்சுவான்தார், பார்லிமெண்டு அங்கத்தினராகவும் இருந்தார்.

ஒவ்வொரு இறகுக்கும் கரை போட்ட ஒரு குட்டிக் கோழி வேண்டும் என்று அவருக்கு ஆசை. பல இனங்களைக் கலந்தார். ஆண்டுக்கணக்கில் பொறுக்கி எடுத்தார். கடைசியில் நினைத்ததைச் சாதித்துவிட்டார். சேவல் ஏறத்தாழ 620 கிராம். பெட்டை ஏறத்தாழ 570 கிராம். பொன் நிறத்தில் ஒன்று. வெள்ளி நிறத்தில் ஒன்று. இந்தக் கோழிக்காகவே ஒரு சங்கம் தொடங்கி, லண்டனில் ஒரு காபிக் கடையில் ஆண்டுதோறும் கூடி அழகுப் போட்டி நடத்தினார்கள்.

ஆனால் அந்த அழகுக்கு ஒரு விலை இருந்தது.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன டார்வினை எல்லோரும் அறிவார்கள். வீட்டுப் பிராணிகளைப் பற்றி 1868-இல் வெளியிட்ட நூலில் அவர் இந்தக் கோழியையும் குறிப்பிடுகிறார். சீபிரைட்டின் கோழிகளிலிருந்து நேர் வம்சமாக வந்த வெள்ளி நிறக் கோழிகளை அவர் கண்ணால் பார்த்தார். அந்த ஆண்டில் அவற்றின் முட்டைகளை 2 கூடு நிறைய அடை வைத்திருந்தார்கள். பிறந்த குஞ்சு எத்தனை தெரியுமா?

ஒன்றுகூட இல்லை!

எச்சரித்தவர் யார்?

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்பதைவிட வேதனை என்று சொல்லலாம்.

நெருங்கிய சொந்தத்துக்குள்ளேயே திரும்பத் திரும்ப ஜோடி சேர்த்தால் பிராணிகள் கெட்டுப்போகும் என்று 1809-ஆம் ஆண்டிலேயே ஒருவர் சிறு புத்தகம் எழுதி எச்சரித்தார். நாய், கோழி, புறா மூன்றையும் அவரே வளர்த்துப் பார்த்துச் சொன்னார். பலமான வேட்டை நாய்கள் மடியில் வைத்துக் கொஞ்சும் சோனி நாய்களாகிவிட்டன. கோழிகளுக்குக் கால் நீண்டு உடம்பு சிறுத்துப் போயிற்று. இனம் பெருக்கும் சக்தியும் குறைந்துவிட்டது என்று எழுதினார்.

அவர் யார்? வேறு யாரும் அல்ல. அதே சர் ஜான் சீபிரைட்தான்!

புத்தகம் எழுதியவர் எச்சரித்தார். அவர் பெயரைத் தாங்கிய கோழிக்கே அந்தக் கதி நேர்ந்தது. அவர் சொன்ன புத்தியை விட்டுவிட்டு, அவர் வளர்த்த கோழியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள் பின்னால் வந்தவர்கள். கோழிகள் கொஞ்சம். வளர்ப்பவர்களும் கொஞ்சம். வெளியிலிருந்து புது ரத்தம் கொண்டுவந்தால் கரை கலைந்துவிடுமே என்று பயம். ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும், அப்பனுக்கும் மகளுக்கும் ஜோடி! குறை எப்படிச் சேராமல் இருக்கும்?

பெட்டை வேஷம்

சீபிரைட் சேவலிடம் இன்னொரு விந்தையும் உண்டு. மற்றச் சேவல்களுக்கு வாலில் அரிவாள் போல வளைந்த நீண்ட இறகுகள் இருக்கும். கழுத்திலும் முதுகிலும் கூர்மையான இறகுகள் தொங்கும். சீபிரைட் சேவலுக்கு இவை கிடையாது. அதன் இறகு பெட்டையின் இறகு போலவே இருக்கும். கொண்டையையும் கூவலையும் வைத்துத்தான் அதைச் சேவல் என்று தெரிந்துகொள்ளவேண்டும்.

அமெரிக்க விஞ்ஞானி தாமஸ் ஹண்ட் மார்கன் இதை ஆராய்ந்தார். பின்னால் 1933-இல் நோபல் பரிசு பெற்றவர் இவர். சில சீபிரைட் சேவல்களுக்குக் காயடித்துப் பார்த்தார். காயடித்தால் ஆண் தன்மை குறையத்தானே வேண்டும்? இங்கே நடந்ததோ தலைகீழ்! அடுத்த முறை முளைத்த இறகுகள், ராஜா சேவலுக்கு உள்ளவை போல நீளமாகவும் பகட்டாகவும் முளைத்தன. 1919-இல் அவர் இதை வெளியிட்டார்.

காரணம் பிற்காலத்தில் தெரிந்தது. கோழி இனத்தில் இறகைப் பெட்டை இறகாக்குவது பெண் ஹார்மோன். சீபிரைட் சேவலின் தோலில் ஒரு விசேஷம் இருக்கிறது. உடம்பில் ஊறும் ஆண் ஹார்மோனை அந்தத் தோல் பெண் ஹார்மோனாக மாற்றிவிடுகிறது. காயடித்தால் ஆண் ஹார்மோன் நின்றுவிடும். மாற்றுவதற்குச் சரக்கே இல்லை. ஆகவே சேவல் இறகு முளைக்கிறது!

இதற்கும் குஞ்சு பிறப்பதற்கும் என்ன சம்பந்தம்? ஹெவிட் என்ற அனுபவசாலி ஒருவர் கண்டதை டார்வின் எழுதி வைத்திருக்கிறார். சீபிரைட் சேவலின் வாலில் உள்ள 2 முக்கிய இறகுகள் அரை அங்குலம் நீண்டிருந்தால் போதும். அந்தச் சேவலுக்குக் குஞ்சு பிறக்கும் வாய்ப்பு கூடுகிறதாம்!

அரை அங்குலம்! ஆனால் அந்த அரை அங்குலம் இருந்தால் கண்காட்சியில் மதிப்பெண் போய்விடும். பரிசு வேண்டுமா, குஞ்சு வேண்டுமா? பலர் பரிசையே கேட்டார்கள்.

ரோஜாக் கொண்டையின் ரகசியம்

சீபிரைட்டின் கொண்டை, நாம் சாதாரணமாகப் பார்க்கிற ரம்பப்பல் கொண்டை அல்ல. தலையோடு படிந்து, மேலே மொட்டு மொட்டாக இருக்கும். இதை "ரோஜாக் கொண்டை" என்பார்கள். "ரோஸ்கோம்" என்ற குள்ள இனத்துக்கும், அமெரிக்காவின் "வயண்டாட்" இனத்துக்கும் இதே கொண்டைதான். குளிர் நாடுகளில் இதற்கு மதிப்பு அதிகம். உயர்ந்த கொண்டை பனியில் உறைந்து புண்ணாகும். இது அவ்வளவு சீக்கிரம் உறையாது.

நல்லதுதானே? கொஞ்சம் பொறுங்கள்.

ஒவ்வொரு குஞ்சும் கொண்டைக்கான மரபணுவைத் தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று இரண்டு பங்காகப் பெறுகிறது. இரண்டில் ஒன்று ரோஜாவாக இருந்தால் போதும், கொண்டை ரோஜாவாகிவிடும். இரண்டும் ரோஜாவாக இருந்தாலும் அதே கொண்டைதான். வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

உள்ளே வித்தியாசம் இருக்கிறது! இரண்டும் ரோஜாவாக உள்ள சேவலின் விந்தணுக்கள் சரியாக நீந்துவதில்லை. முட்டை உருவாகும் இடம்வரை போய்ச் சேர அவற்றுக்குத் தெம்பு இல்லை. ஒரு பங்கு மட்டும் ரோஜாவாக உள்ள சேவலுக்கு இந்தக் குறை இல்லை. பெட்டைக்கும் இந்தக் குறை இல்லை.

கோழி வளர்ப்பவர்கள் நெடுநாளாகச் சந்தேகித்துவந்த இந்த விஷயத்தின் காரணம் 2012-இல் வெளியான ஆராய்ச்சியில் தெளிவாயிற்று. ரோஜாக் கொண்டை உள்ள கோழிகளில், மரபணுச் சங்கிலியின் ஒரு நீண்ட துண்டு தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொண்டிருக்கிறது. துண்டின் ஒரு முனையில் ஏற்பட்ட மாறுதல் கொண்டையை ரோஜாவாக்குகிறது. மறு முனையில் இருந்த வேறொரு மரபணு உடைந்துவிடுகிறது. அது விந்தணுவுக்கு வேண்டியது! அழகும் குறையும் ஒரே துண்டில் வந்து சேர்ந்திருக்கின்றன.

இப்போது வளர்ப்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள்.

ரோஜாக் கொண்டைச் சேவலையும் ரோஜாக் கொண்டைப் பெட்டையையும் ஜோடி சேர்க்கிறார். பிறந்த குஞ்சுகளில் ஒன்றுக்குச் சாதாரண ரம்பக் கொண்டை முளைக்கிறது. உடனே அவருக்குக் கோபம் வருகிறது. "ரத்தம் சுத்தம் இல்லை" என்று சொல்லி அந்தக் குஞ்சைத் தள்ளுகிறார். அதற்குத் தகப்பனான சேவலையும் தள்ளுகிறார்.

அவர் தள்ளியது எதை? ரம்பக் கொண்டைக் குஞ்சு பிறந்தது என்றால், தகப்பனிடம் ஒரு பங்குதான் ரோஜா என்று அர்த்தம். அதாவது, கொண்டைக் குறை தீண்டாத நல்ல சேவல் அது! அதைத் தள்ளிவிட்டு, இரண்டு பங்கும் ரோஜாவாக உள்ள "சுத்த" சேவலை வைத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு முட்டை பொரிக்கவில்லை என்று தலையில் கை வைத்துக்கொள்கிறார்.

சுத்தம் பார்த்துப் பார்த்து வீட்டு விளக்கையே அணைத்த கதை இது!

குட்டைக் காலின் கணக்கு

ஜப்பானில் "சாபோ" என்றொரு குள்ளக் கோழி உண்டு. வால் நிமிர்ந்து தலையைத் தொடும். கால் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அவ்வளவு குட்டை. 1941-இல் ஜப்பான் அரசாங்கம் இதை நாட்டின் இயற்கைச் சின்னங்களில் ஒன்றாக அறிவித்துக் கௌரவித்தது.

இதன் முட்டையும் பல சமயம் பொரிப்பதில்லை. ஆனால் இங்கே குற்றம் சேவலின் விந்தணுவில் இல்லை. கரு உண்டாகிறது, உண்டாகி, முட்டைக்குள்ளேயே சாகிறது.

குட்டைக் கால் மரபணு ஒரு பங்கு இருந்தால் கால் குட்டையாகும். இரண்டு பங்கு சேர்ந்தால் கரு பிழைக்காது. கணக்கைப் பாருங்கள்.

குட்டைக் கால் சேவலுக்கும் குட்டைக் கால் பெட்டைக்கும் பிறந்த, உயிர் உள்ள முட்டைகள் 12 என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 3 கரு முட்டையிலேயே சாகும். 6 குஞ்சு குட்டைக் காலோடு பிறக்கும். 3 குஞ்சு சற்று நீண்ட காலோடு பிறக்கும்.

நீண்ட கால் உள்ளதை "அழகில்லை" என்று தள்ளாமல், அதைக் குட்டைக் காலோடு ஜோடி சேர்த்தால் என்ன ஆகும்? அதே 12 முட்டையில் இந்த மரபணுவினால் ஒரு கருவும் சாகாது. 6 குட்டைக் கால். 6 நீண்ட கால்.

குட்டைக் கால் குஞ்சு இரண்டு கணக்கிலும் 6-தான்! முதல் கணக்கில் 3 உயிர் வீணாகச் செத்தது, அதுதான் வித்தியாசம். இந்தச் சின்னக் கணக்குத் தெரிந்த வளர்ப்பாளர் நீண்ட கால் பெட்டையை விற்கமாட்டார். கண்காட்சிக்கு அனுப்பவும்மாட்டார். வீட்டில் பத்திரமாக வைத்துக்கொள்வார்!

சோதிப்பது எப்படி?

"எல்லாம் சரி, என் சேவலிடம் குறை இருக்கிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?" என்று கேட்கலாம். பெரிய கருவி எதுவும் தேவை இல்லை. பொறுமை வேண்டும், ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் வேண்டும்.

அடை வைத்த 7-ஆம் நாள், இருட்டு அறையில் முட்டையின் பின்னால் டார்ச் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி கால் பரப்பியது போலச் சிவப்பு நரம்புகள் தெரிந்தால் உள்ளே உயிர் வளர்கிறது. ரத்தம் ஒரு வளையமாக மட்டும் நின்றால், கரு உண்டாகி இறந்துவிட்டது. ஒன்றுமே இல்லாமல் வெறும் வெளிச்சமாகத் தெரிந்தால், பெரும்பாலும் கருவே உண்டாகவில்லை.

மூன்றும் வேறு வேறு. கருவே இல்லை என்றால் சேவலைக் கவனிக்கவேண்டும். கரு உண்டாகிச் செத்தால், மரபணு, அடை வைத்த சூடு, ஈரம், தீனி இவற்றைக் கவனிக்கவேண்டும். எல்லாவற்றையும் "கூமுட்டை" என்று ஒரே கூடையில் போட்டால் உண்மை தெரியாது.

பிறகு பெட்டைகளை வேறொரு சேவலிடம் விடவேண்டும். ஆனால் அவசரம் கூடாது. பெட்டையின் உடலில் பழைய சேவலின் விந்தணு 2 வாரம்வரை உயிரோடு தங்கி இருக்கும். 3 வாரம் கழித்து இட்ட முட்டையை அடை வைத்தால்தான் கணக்கு சரியாக வரும். புதுச் சேவலோடு பொரித்தால், பெட்டைமேல் பழி இல்லை!

சேவலைக் குற்றவாளி ஆக்குவதற்கு முன்னும் சில விஷயங்களைப் பார்க்கவேண்டும். பின்புறத்தில் இறகு புதர் போல அடர்ந்த இனங்களில், இறகே தடையாக நிற்கும். அங்கே கொஞ்சம் கத்தரித்துவிட்டால் போதும். பெட்டை மிகவும் பெரிதாக இருந்தால் குட்டிச் சேவலால் இணைய முடியாது. கிழச் சேவல், பேன் பிடித்த சேவல், சோளம் மட்டுமே தின்று இளைத்த சேவல், கொண்டை பனியில் உறைந்த சேவல், இவையும் சில காலம் பயன்படாது. குளிர் நாடுகளில் பகல் குறுகிய மாதங்களில் நல்ல சேவலுக்கும் சக்தி குறையும். வசந்தம் வந்தால் சரியாகிவிடும்.

இவை எல்லாம் திருத்தக்கூடிய குறைகள். இவற்றைத் திருத்திய பின்னும் முட்டை பொரிக்கவில்லை என்றால்தான் வம்சத்தைச் சந்தேகிக்கவேண்டும்.

மருந்தா, மறைப்பா?

இதற்கு விஞ்ஞானத்தில் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. சேவலிடமிருந்து விந்தை எடுத்துப் பெட்டைக்குச் செலுத்துகிற முறை அது. 1937-லேயே அமெரிக்காவில் இதற்குச் சுலபமான வழியை வெளியிட்டார்கள். அடர்ந்த இறகு காரணமாகவோ கால் ஊனம் காரணமாகவோ இணைய முடியாத நல்ல சேவலுக்கு இது உதவி. அதை நாம் குறை சொல்லவில்லை.

ஆனால் வம்சத்திலேயே குறை உள்ள சேவலுக்கு இதைச் செய்து, எப்படியோ 2 குஞ்சு பிறக்கச் செய்து, அந்தக் குஞ்சிலிருந்து இன்னும் 2 குஞ்சு பிறக்கச் செய்தால் என்ன ஆகும்? குறை குறையவில்லை, தலைமுறைக்குத் தலைமுறை பெருகுகிறது! அமெரிக்காவில் இறைச்சிக்காக மார்பைப் பெருக்கிய வெள்ளை வான்கோழி, தானாக இணையவே முடியாத நிலைக்கு வந்துவிட்டது. மனிதன் கை இல்லாமல் அந்த இனத்துக்கு அடுத்த தலைமுறையே இல்லை. குள்ளக் கோழியையும் அங்கே கொண்டுபோய் நிறுத்தவேண்டுமா?

அவர்கள் சொல்வது என்ன?

கண்காட்சிக்காரர்கள் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. "விதி கண்டிப்பாக இருந்ததால்தான் 200 ஆண்டுக்குப் பிறகும் சீபிரைட் சீபிரைட்டாகவே இருக்கிறது. விதியைத் தளர்த்தினால் கரை கலையும், உருவம் பெருக்கும், கடைசியில் அது ஏதோ ஒரு கலப்புக் கோழியாகிவிடும்" என்கிறார்கள்.

உண்மைதான். விதியே வேண்டாம் என்று நாமும் சொல்லவில்லை. ஆனால் கண்காட்சிக் கூண்டு வேறு. வீட்டில் உள்ள இனப்பெருக்கக் கூண்டு வேறு. மேடையில் நிற்க ரோஜாக் கொண்டை வேண்டும். சரி. வீட்டில் குஞ்சு பிறக்க, ரம்பக் கொண்டைச் சகோதரன் ஒன்று இருக்கட்டுமே! அதை ரோஜாக் கொண்டைப் பெட்டையோடு சேர்த்தால், ரோஜாக் கொண்டையோடு பிறக்கும் மகன்களுக்கு ஒரு பங்குதான் ரோஜா. அழகும் இருக்கும், கொண்டையால் வரும் குறையும் இருக்காது. வால் அரை அங்குலம் நீண்ட சேவலும் வீட்டில் இருக்கட்டும். சொந்தம் இல்லாத வேறு பண்ணையிலிருந்து, அதே இனத்துச் சேவல் ஒன்றைச் சில ஆண்டுக்கு ஒருமுறை கொண்டுவரட்டும்.

இதனால் இனம் கெடாது. இனம் பிழைக்கும்.

கேட்கவேண்டிய கேள்வி

இன்னொன்றும் செய்யலாம். பரிசு கொடுக்கும்போது, "இந்தச் சேவலுக்கு எத்தனை முட்டை அடை வைத்தார்கள்? எத்தனை பொரித்தது?" என்று ஒரு சீட்டு கேட்கட்டும். கொண்டைக்கு மதிப்பெண், வாலுக்கு மதிப்பெண், கண் நிறத்துக்கு மதிப்பெண் என்று கொடுக்கிறவர்கள், குஞ்சுக்கும் கொஞ்சம் மதிப்பெண் கொடுக்கட்டும். ஒரே ஒரு விதியைச் சேர்த்தால் போதும். மலட்டு வம்சத்தை மூடி மறைத்து விற்பதில் லாபம் இருக்காது.

கண்காட்சிக்காரர்கள் கேட்காவிட்டால், வாங்குகிறவர்கள் கேட்கட்டும். "கோப்பை எத்தனை வாங்கியது?" என்று கேட்பதற்கு முன்னால், "குஞ்சு எத்தனை பொரித்தது?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரிடம் வாங்காதீர்கள்.

குஞ்சு பொரிக்காத முட்டையின்மேல் 3 வாரம் தீனியைக் குறைத்துக்கொண்டு, இடத்தைவிட்டு நகராமல் உட்கார்ந்திருக்கிறது அடைக்கோழி. அதற்கு மரபணு தெரியாது. கண்காட்சி விதியும் தெரியாது. தன் பங்கை அது ஒழுங்காகச் செய்துவிட்டது. கூவுகிற சேவலும் தன்னால் ஆனதைச் செய்துவிட்டது. அந்தச் சேவலை அப்படிப் பிறக்க வைத்தவன் மனிதன்.

ஆகவே பெட்டையைத் திட்டவேண்டாம். சேவலையும் திட்டவேண்டாம். ஜோடி சேர்க்கிற கை திருந்தினால் போதும். முட்டை தானே பொரிக்கும்!